அன்கோ கிளறி, டைஃபுகு பிடித்துப் பார்த்தது

ஜப்பானுக்கு வரும் நம்மூர்க்காரர்கள் இங்குள்ள இனிப்புகளைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: "பார்க்க அழகா இருக்கு, வாயில போட்டா ஒண்ணுமே இல்லை." கொஞ்சம் பேர் இன்னும் ஒரு படி மேலே போய், "பயறை வேகவச்சு சர்க்கரை போட்டவன் ஏலக்காயை மறந்துட்டான்" என்பார்கள். இதில் பாதி சரி. மீதிப் பாதியை, கடையில் வாங்கித் தின்று மட்டும் தீர்மானிக்க முடியாது என்று எனக்குப் பட்டது. அதனால் அடுப்பில் இறங்கிவிட்டேன்.

செய்தவை மூன்று. அசுகிப் பயறில் செய்யும் அன்கோ என்ற பூரணம், அதை உள்ளே வைத்துப் பிடிக்கும் டைஃபுகு, அப்புறம் சோயா சாஸ் பாகு ஊற்றிய மிதராஷி டாங்கோ. பக்கத்திலேயே கடையில் வாங்கியதையும் வைத்து மாற்றி மாற்றித் தின்றோம். நாங்கள் இருப்பது டோக்கியோவின் நிஷிகசாய் பக்கம். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் இடம் என்பதால் சாப்பிட ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. நானும் மனைவியும், எதிர்வீட்டுத் தம்பதி, பேரனைப் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அவர்களுடைய அம்மா. அம்மா சொல்வதைத்தான் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டோம்.

இந்த மூன்றையும் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம், சைவம். பழைய மரபு ஜப்பானிய இனிப்புகளில் பாலும் வெண்ணெயும் கிடையாது. அரிசி, பயறு, சர்க்கரை, அகர் அகர் இவ்வளவுதான். முட்டைகூட டோராயாகி (அன்கோ வைத்த அப்பம்), கஸ்தேரா (ஸ்பாஞ்ச் கேக்) மாதிரி சிலவற்றில்தான் வரும். வெளிநாட்டில் எதை வாங்கினாலும் பின்பக்கம் திருப்பிப் படிக்கும் வீட்டுக்கு இது பெரிய நிம்மதி.

சாமான்

அரிசி மாவில்தான் முதல் குழப்பம். சூப்பர் மார்க்கெட்டில் ஒரே தட்டில் நாலைந்து வெள்ளைப் பொட்டலங்கள் இருக்கும், எல்லாமே அரிசி மாவுதான். ஷிராதமாகோ என்பது ஒட்டரிசியைத் தண்ணீர் விட்டு அரைத்து, படியவைத்து, உலர்த்தியது. மாவாக இல்லாமல் உடைந்த சுண்ணாம்புக் கட்டி மாதிரிக் குருணையாக இருக்கும். மோச்சிகோவும் ஒட்டரிசிதான், ஆனால் கழுவி உலர்த்திப் பொடியாக அரைத்தது. ஜோஷின்கோ என்பது தினமும் சோறாக்கும் சாதாரண அரிசியின் மாவு. ஒட்டரிசி மாவையும் சாதா அரிசி மாவையும் கலந்து டாங்கோகோ என்றும் விற்கிறார்கள். மூன்றாவதை மட்டும் அம்மா உடனே அடையாளம் கண்டுபிடித்தார்: "இது நம்ம கொழுக்கட்டை மாவு தம்பி." கிட்டத்தட்ட அதேதான். ஆனால் ஜப்பானியக் குட்டை அரிசியில் அமைலோஸ் (சோற்றை ஒட்டாமல் உதிரியாக வைக்கும் மாவுச்சத்து) நம்மூர்ப் பச்சரிசியைவிடக் குறைவு. அதனால் அதே கொழுக்கட்டையைப் பிடித்தாலும் இன்னும் மென்மையாக, கொஞ்சம் இழுபடுகிற மாதிரி வரும். ஒட்டரிசியில் அமைலோஸ் ஏறக்குறைய இல்லவே இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் இங்குள்ள பாதி இனிப்புகளின் குணம் புரிந்துவிடும்.

அசுகி, நம் பாசிப்பயறு, உளுந்து, காராமணி எல்லாம் இருக்கும் அதே விக்னா குடும்பம். ஜப்பானில் விளைவதில் பெரும்பகுதி ஹொக்கைடோவிலிருந்துதான் வருகிறது. டொக்காச்சி சமவெளியின் பெயர் பொட்டலத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். டைநகோன் என்று பெரிய மணியாக ஒரு ரகம் உண்டு. வேகும்போது தோல் வெடிக்காமல் நிற்கும், விலையும் கூடுதல். பழகிப் பார்க்கச் சாதா அசுகியே போதும்.

சர்க்கரையில் ஒரு சின்ன விஷயம். இங்கே வீட்டுக்கு வாங்கும் ஜோஹக்குதோ என்ற வெள்ளைச் சர்க்கரை லேசாக ஈரமாக, கையில் பிடித்தால் பிடிபடும். அதைப் போட்டால் இனிப்பு நாக்கில் கொஞ்சம் நீண்டு நிற்கிறது. நம்மூர்ச் சர்க்கரை மாதிரிப் படிகமாக இருக்கும் கிரானுலேட்டட் வகையைப் போட்டால் இனிப்பு சட்டென்று வந்து போய்விடும், பயறின் வாசனை மேலே நிற்கும். அன்கோவுக்கு நான் இரண்டாவதன் பக்கம்.

அன்கோ

பயறு 250 கிராம், சர்க்கரை 200 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. பயறும் சர்க்கரையும் சம எடை போடுவதுதான் வழக்கமான அளவு, நான் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். 200க்குக் கீழே போனால் பளபளப்பும் வராது, சீக்கிரம் கெட்டும் போகும்.

அசுகியை ராத்திரி ஊறவைக்க வேண்டாம். தோல் வழியாக அதற்குள் தண்ணீர் இறங்காது. காம்பு ஒட்டியிருந்த வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன இடம் வழியாகத்தான் இறங்கும். அதனால் ஊறினாலும் ஒன்று போல ஊறாது. கழுவி, நேராக நாலு பங்கு தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட வேண்டியதுதான். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் கருஞ்சிவப்பாகும். அதை அப்படியே கொட்டிவிட வேண்டும். இதற்கு ஷிபுகிரி என்று பெயர், துவர்ப்பை எடுப்பது. பயறைக் குழாயடியில் அலசி, பாத்திரத்தையும் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி அடுப்பில் வைக்க வேண்டும்.

இந்த வேலை எவ்வளவு தூரம் அவசியம் என்று பார்க்க, ஒரு கைப்பிடிப் பயறைத் தண்ணீரைக் கொட்டாமலே தனியாக வேகவைத்து, அதே விகிதத்தில் சர்க்கரை போட்டுக் கிளறினேன். எது எது என்று சொல்லாமல் இரண்டையும் கிண்ணத்தில் கொடுத்தேன். அம்மா ஒன்றை வாயில் வைத்ததும், "என்ன தம்பி, முதல் தண்ணியை வடிக்கலையா?" என்றார். வடிக்காததில் நிறம் அடர்த்தி, வாசனையும் கூடுதல். ஆனால் விழுங்கின பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு பிடிப்பு நிற்கிறது. என் மனைவிக்கு அதுதான் பிடித்தது. இங்கேயும் எல்லாக் கடைகளும் ஒரே அளவாக வடிப்பதில்லை. இரண்டு மூன்று முறை வடிக்கும் கடையும் உண்டு, ஒரே தடவையோடு விடும் கடையும் உண்டு. ஒரு கடையின் அன்கோ இன்னொன்றைவிட ஏன் முரட்டுத்தனமாக இருக்கிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது வேக்காடு சின்னத் தீயில் ஒரு மணி நேரம் பிடிக்கும். பயறு தண்ணீருக்கு மேலே தலைகாட்டக் கூடாது, காட்டினால் அந்த மணி வேகாமல் நிற்கும். வற்ற வற்றக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். மேலே வரும் நுரையை எடுத்துவிடலாம். தளதளவென்று கொதிக்கவிட்டால் மணிகள் ஒன்றோடொன்று மோதித் தோல் கிழிந்துவிடும்.

குக்கரில் வைத்தால் என்ன என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். வைக்கலாம், கால் மணி நேரத்தில் வெந்துவிடும். ஆனால் தோல் பிரிந்து குழைந்துவிடும். மசித்துச் சல்லடையில் தேய்க்கப் போகிறோம் என்றால் குக்கரே சௌகரியம். மணி மணியாக வேண்டும் என்றால் திறந்த பாத்திரம்தான்.

வெந்த பதம் பார்ப்பதில் அவசரம் கூடாது. ஒரு மணியைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்த வேண்டும். சுண்டுவிரலுக்கு அவ்வளவாகப் பலமில்லை, அதனால்தான் அது. அந்த லேசான அழுத்தத்திலேயே நசுங்க வேண்டும். ஒரு மணியைப் பார்த்து முடிவு செய்யாமல் அஞ்சாறு எடுத்துப் பார்ப்பது நல்லது. சர்க்கரை விழுந்துவிட்டால் அதற்கப்புறம் பயறு வேகவே வேகாது. சர்க்கரை உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுக்க ஆரம்பித்துவிடும். அதனாலேயே மொத்தச் சர்க்கரையையும் ஒரே தடவையாகக் கொட்டாமல் இரண்டு மூன்று பங்காகப் போடுகிறார்கள்.

போட்டதும் கெட்டியாக இருந்தது திடீரென்று நீர்த்துவிடும். பயப்பட வேண்டாம். தீயைக் கூட்டி, மரக்கரண்டியால் அடியிலிருந்து கிளறினால் மறுபடி இறுகும். இந்தக் கட்டத்தில் அது எரிமலை மாதிரி வெடித்துத் தெறிக்கும், முழங்கை வரை துணி சுற்றிக்கொள்வது நல்லது. கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அடி தெரிந்து, ஒரு நொடி நின்று, பிறகு மெதுவாக மூட வேண்டும். அப்போதே இறக்கிவிட வேண்டும், உப்பும் அப்போதுதான். ஆறினால் இன்னும் இறுகும். அடுப்பிலேயே உருண்டைப் பதம் வரும் வரை கிளறினால் ஆறிய பிறகு வெடித்துப் போகும். நம் பூரணம் கிளறிப் பழகிய கைக்கு இந்த இடத்தில்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். பாத்திரத்திலேயே விடாமல், தட்டில் சின்னச் சின்னக் குவியலாகப் போட்டு ஆறவைத்தால் சீக்கிரம் ஆறும், நிறமும் மங்காது. 250 கிராம் பயறுக்கு 700 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது.

மணி தெரிகிற இந்த வகைக்கு ட்சுபுஅன் என்று பெயர். தோலை நீக்கி வழவழவென்று செய்வது கோஷிஅன். அதற்கு வெந்த பயறைச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்க்க வேண்டும். கீழே இறங்கும் மாவுத் தண்ணீரைத் தெளியவிட்டு, மேல் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊற்றித் தெளியவிட்டு, கடைசியில் துணியில் கட்டிப் பிழிய வேண்டும். கையில் கிடைப்பது ஈர மண் மாதிரி, சுவையே இல்லாத ஒரு சாம்பல் ஊதா மாவு. அதைச் சர்க்கரைப் பாகில் போட்டுக் கிளறினால்தான் அன்கோ. ஒரு கவனம்: தேய்க்கும்போது கை மென்மையாக இருக்க வேண்டும். அசுகியில் மாவுச்சத்து தனித்தனி செல்லுக்குள், புரதச் சுவருக்குள் அடைபட்டே வேகிறது. அந்தச் செல் உடையாமல் இருப்பதால்தான் அன்கோ பசை மாதிரி ஒட்டாமல் நாக்கில் மணல் போலப் பிரிகிறது. மிக்சியில் ஓட்டினால் செல் உடைந்து கூழாகிவிடும். வீட்டில் கோஷிஅன் செய்வது ஒரு பாதி நாள் வேலை. அவ்வளவு பாத்திரம் கழுவியதற்கு ஈடாகச் சுவை கூடியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடையில் நல்ல கோஷிஅன் எதற்காக அந்த விலை என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

மாவு மூன்று, உருண்டை மூன்று

அடுத்தது மேல்தோல். ஒரே நாளில் ஷிராதமாகோ, மோச்சிகோ, ஜோஷின்கோ மூன்றிலும் சர்க்கரை சேர்க்காமல் உருண்டை பிடித்தேன்.

ஷிராதமாகோ 100 கிராமுக்குத் தண்ணீர் 80 முதல் 90 மில்லி. குருணை உடைய நேரம் கொடுத்து, மெல்ல மெல்ல ஊற்றிப் பிசைய வேண்டும். இங்கே எல்லாச் சமையல் குறிப்பிலும் பதம் ஒன்றுதான்: காதுமடல் மென்மை. ஒரு கையால் மாவையும் இன்னொரு கையால் காதையும் பிடித்துப் பார்ப்பது வேடிக்கையாக இருந்தாலும் அளவு சரியாகவே வருகிறது. கொதிக்கும் தண்ணீரில் போட்டால் முதலில் அடியில் போய் உட்காரும், பிறகு மிதக்கும். மிதந்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, குளிர்ந்த தண்ணீரில் எடுத்துப் போட வேண்டும். மோச்சிகோவிலும் அதே முறைதான். ஜோஷின்கோ மட்டும் அப்படி இல்லை. வெந்நீர் விட்டுப் பிசைந்து, பிய்த்து, ஆவியில் 20 நிமிடம் வேகவைத்து, சூடு பொறுக்கும்போதே ஈரத்துணியில் வைத்து நன்றாக அழுத்திப் பிசைந்த பிறகுதான் உருட்ட வேண்டும். இதற்கு எங்கள் வீட்டு இட்லிப் பானைதான் உதவியது.

சூடாகத் தின்றபோது ஷிராதமாகோவுக்குத்தான் முதலிடம். தோல் வழுக்கி, உள்ளே மென்மையாக இழுபட்டு, எந்த வாசனையும் குறுக்கே வராமல் இருந்தது. மோச்சிகோவில் கொஞ்சம் கனம், அரிசி வாசனை தூக்கலாக. ஜோஷின்கோ பல்லுக்குக் கடிபடுகிறது, சவ்வு மாதிரி இழுபடுவதில்லை. அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. "இதுதான் தொண்டையில ஒட்டாது" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. புத்தாண்டு சமயத்தில் மோச்சி என்ற ஒட்டரிசிப் பண்டம் தொண்டையில் அடைத்து முதியவர்கள் இறக்கும் செய்தி இங்கே ஒவ்வொரு ஜனவரியிலும் வரும். சின்னத் துண்டாகக் கடிக்கச் சொல்லித் தீயணைப்புத் துறையே எச்சரிக்கை விடுகிறது.

சாயங்காலம் மிச்சத்தை எடுத்துப் பார்த்தபோது ஜோஷின்கோ உருண்டை இறுகியிருந்தது. ஒட்டரிசி உருண்டைகள் அப்போதும் சுமாராக இருந்தன. மறுநாள் காலையில் அவையும் ரப்பர். வேண்டுமென்றே சிலதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். அவைதான் எல்லாவற்றையும்விட மோசம், வெட்டினால் சாக்பீஸ் மாதிரிப் பொடிந்தது. வெந்த மாவுச்சத்து ஆறும்போது தன் பழைய அடுக்குக்குத் திரும்பப் பார்க்கிறது, திரும்பும்போது தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. பூஜ்யத்துக்கு மேல் நாலைந்து டிகிரி, அதாவது நம் பெட்டியின் சாதாத் தட்டு, அதற்கு மிகத் தோதான சூடு. அமைலோஸ் இருக்கும் சாதா அரிசியில் இது சீக்கிரமே நடக்கிறது, ஒட்டரிசியில் கொஞ்சம் தாமதமாக. உறைபெட்டியில் வைத்ததை வெளியே எடுத்துக் குளிர் நீங்கவிட்டபோது கிட்டத்தட்ட முதல் நாள் பதத்துக்கே வந்தது.

டைஃபுகு

இங்கேதான் சர்க்கரையின் இன்னொரு வேலை தெரிகிறது. டைஃபுகுத் தோலில் சர்க்கரை போடுவது இனிப்புக்காக மட்டும் என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மாவுச்சத்து பழைய அடுக்குக்குத் திரும்புவது தாமதமாகிறது. ஷிராதமாகோ 100 கிராம், தண்ணீர் 150 மில்லி என்று வைத்துக்கொண்டு, சர்க்கரையை மட்டும் 20, 50, 100 கிராம் என்று மாற்றி மூன்று கிண்ணம் செய்தேன்.

மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சர்க்கரை சேர்த்து, மைக்ரோவேவில் 600 வாட்டில் இரண்டு நிமிடம். எடுத்து, நனைத்த மரக்கரண்டியால் கிளறி, மறுபடி ஒன்றரை நிமிடம், மறுபடி கிளறி இன்னும் ஒரு நிமிடம். வெள்ளையாக இருந்த மாவு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவ ஆரம்பிக்க வேண்டும். எங்காவது வெள்ளைத் திட்டு தெரிந்தால் அந்த இடம் வேகவில்லை. வெந்ததும், கதகுரிகோ என்ற உருளைக்கிழங்கு மாவை ஒரு தட்டில் தாராளமாகத் தூவி அதன் மேல் கவிழ்க்க வேண்டும். இந்த மாவு இல்லாமல் தொட்டால் விரலோடு வந்துவிடும், சோப்புப் போட்டாலும் போகாது.

எட்டாகப் பங்கிட்டு, உள்ளங்கையில் வைத்து ஓரத்தை மெல்லிசாக, நடுவைத் தடிப்பாகத் தட்ட வேண்டும். 25 கிராம் அன்கோ உருண்டையை நடுவில் வைத்து, ஓரங்களைத் தூக்கி மேலே சேர்த்துக் கிள்ளி, கிள்ளிய பக்கம் கீழே போகும்படி வைத்தால் முடிந்தது. சேரும் இடத்தில் கதகுரிகோ இருந்தால் ஒட்டாது, அதைத் தட்டிவிட்டுச் செய்ய வேண்டும். கொழுக்கட்டைச் சொப்பு செய்யத் தெரிந்தவர்களுக்கு இது விளையாட்டு. அம்மா பிடித்த டைஃபுகுகளை என்னுடையவற்றின் பக்கத்தில் வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்றைக்குச் சுவை பார்த்ததில் 20 கிராம் போட்டதே நன்றாக இருந்தது. அரிசி அரிசியாகத் தெரிந்தது, உள்ளே இருக்கும் அன்கோவின் இனிப்பு தனியாக நின்றது. 100 போட்டது திகட்டல்தான், தோலும் தொய்ந்து தட்டில் பரவியது. மறுநாள் நிலைமை தலைகீழ். 20 போட்டது கடிக்க முடியாமல் இறுகிவிட்டது, 50 போட்டது பரவாயில்லை, 100 போட்டது முதல் நாள் மாதிரியே இருந்தது. மாவும் சர்க்கரையும் 1க்கு 2 என்று போட்டுக் கிளறும் கியூஹி என்ற வகை பல நாள் மென்மையாக இருப்பதும் இதனால்தான். இப்போதைக்கு எங்கள் வீட்டு அளவு 40 கிராம், அன்றைக்கே தின்று முடிப்பது.

இதைச் செய்து பார்த்த பிறகு கடை டைஃபுகுவைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. கன்வீனியன்ஸ் ஸ்டோரில் விற்பது சில நாள் தாங்க வேண்டும். அதனால் சர்க்கரை, அதோடு லேபிளில் பெரும்பாலும் டிரெஹலோஸ், என்சைம் என்றும் இருக்கும். டிரெஹலோஸ் இனிப்பில் சர்க்கரையில் பாதிகூட இல்லை, ஆனால் மாவு இறுகாமல் பிடித்து வைக்கும். ஒகயாமாவின் ஹயாஷிபாரா நிறுவனம் 1990களின் நடுவில் அதை மாவுச்சத்திலிருந்து மலிவாகத் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகு இனிப்புத் தொழிலில் எங்கும் நுழைந்துவிட்டது. இதில் குற்றம் ஒன்றுமில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு டைஃபுகு வேண்டும் என்றால் அப்படித்தான் கிடைக்கும். தோல் மட்டும் எப்போதும் ஒரே மென்மை, கடித்தால் எதிர்ப்பே இருக்காது.

மறுபக்கம், காலையில் செய்து அன்றைக்கே விற்கும் கடைகள். டோக்கியோவில் மாமே டைஃபுகுவுக்கு மூன்று கடைகளைச் சேர்த்துச் சொல்வார்கள்: கொகொகுஜியின் குன்ரிந்தோ, ஹராஜுகுவின் மிசுஹோ, தகனாவாவின் மட்சுஷிமயா. தோலில் உப்புப் போட்டு வேகவைத்த சிவப்புப் பட்டாணி புடைத்துக்கொண்டு நிற்கும். குன்ரிந்தோவினுடையது கல் மாதிரி உருண்டையில்லாமல் கொஞ்சம் முரடாக, மாவு அப்பி இருக்கும். கடித்தால் தோல் முதலில் எதிர்க்கிறது, அப்புறம் உப்புப் பட்டாணி, அப்புறம்தான் அன்கோவின் இனிப்பு. இனிப்பே இல்லை என்று சொல்கிறவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் வாங்கிக் கொடுப்பேன். அந்த உப்பு இனிப்பைத் தூக்கிக் காட்டுகிறது. அன்றைக்கே தின்றுவிடுங்கள் என்று கடையில் சொன்னால் அது பேச்சுக்குச் சொல்வதில்லை, ராத்திரிக்குள் இறுக ஆரம்பித்துவிடும். வரிசையில் நிற்க வேண்டும், மதியத்துக்கு மேல் போனால் தீர்ந்திருக்கும்.

ஸ்ட்ராபெர்ரி வைத்த இச்சிகோ டைஃபுகு பழைய பண்டம் மாதிரித் தெரிந்தாலும் 1980களில் வந்ததுதான், தாங்களே முதலில் செய்ததாகச் சொல்லும் கடைகள் பல. வீட்டில் செய்வது சுலபம். பழத்தைத் துடைத்து ஈரமில்லாமல் வைத்து, கோஷிஅன்னை மெல்லிசாகச் சுற்றி, நுனி மேலே வரும்படி தோலில் மூடினால் சரி. சில மணி நேரம் போனால் அன்கோவின் சர்க்கரை பழச்சாற்றை இழுத்து உள்ளே குளமாகிவிடும். அதனால் கையோடு தின்றுவிட வேண்டும். குழந்தைகளின் ஓட்டு மொத்தமும் இதற்கே.

மிதராஷி டாங்கோ

இது கியோட்டோக்காரர்களின் பண்டம். ஷிமொகாமோ கோயிலுக்குள் இருக்கும் மிதராஷி குளத்தின் பெயர் இது. அங்கே குச்சியில் ஐந்து உருண்டை, அதில் நுனியில் ஒன்று மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டு இருக்கும். டோக்கியோ பக்கம் நான்குதான். 1768இல் நாலு மோன் (அந்தக் காலத்துச் சில்லறைக் காசு) நாணயம் வந்த பிறகு, உருண்டை ஒரு மோன் கணக்கில் நான்காகிவிட்டது என்று காரணம் சொல்வார்கள்.

ஜோஷின்கோவும் ஷிராதமாகோவும் பாதிப் பாதி கலந்து பிசைந்தால் கடிபடவும் செய்யும், சீக்கிரம் இறுகவும் செய்யாது. வெந்த உருண்டைகளைக் குச்சியில் கோர்த்து, எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில் புரட்டி அங்கங்கே கருகவிட வேண்டும். அந்தக் கருகல் இல்லாவிட்டால் பண்டமே சப்பென்று இருக்கும். பாகுக்கு, சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 5, கதகுரிகோ 1, தண்ணீர் 120 மில்லி. எல்லாவற்றையும் குளிர்ந்த நிலையிலேயே கரைத்து, கிளறிக்கொண்டே சூடாக்கினால் சட்டென்று கண்ணாடியாக இறுகும். அதற்கப்புறமும் அரை நிமிடம் கொதிக்கவிட்டால் மாவு வாசனை போகும். மிரின் ஊற்றுகிறவர்களும் உண்டு. அது அரிசி மது, நாங்கள் விட்டுவிட்டோம். கடையில் வாங்குவதானால் பாகில் மீன் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று லேபிளைப் பார்ப்பது நல்லது.

எதிர்வீட்டில் பாதிப் பேர் ஒரு கடியோடு வைத்துவிட்டார்கள். இனிப்பும் சோயா உப்பும் ஒரே வாயில் வருவது அவர்களுக்குச் சரிப்படவில்லை. எனக்கு இதுதான் மூன்றிலும் முதல். சூடாக இருக்கும்போது மட்டும்.

கடைப் பண்டங்கள், வேகமாக

பொட்டலத்தில் வரும் நொறுக்குத் தீனிகளில் சைவம் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஒவ்வாமை அறிவிப்பில் கட்டாயமாகச் சொல்ல வேண்டியவை முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, சோபா (பக்வீட்), நிலக்கடலை, வால்நட் போன்றவை. கோழி, பன்றி, ஜெலட்டின் எல்லாம் 'சொன்னால் நல்லது' பட்டியலில்தான் இருக்கின்றன. பொனிட்டோ மீன் அதிலும் இல்லை. ஆக, ஒவ்வாமை வரியை மட்டும் பார்த்துச் சைவம் என்று முடிவு செய்யக் கூடாது. மூலப்பொருள் பட்டியலை முழுதாகப் படித்து, 'எகிசு' (சாறு) என்று முடியும் சொற்களைத் தேட வேண்டும். உருளைக்கிழங்கு சிப்ஸிலேயே அது நிறைய. 1964இலிருந்து விற்கும் காப்பா எபிசென்னில் இறால் இருப்பது பெயரிலேயே தெரியும், எபி என்றால் இறால்.

அரிசி அப்பளம் மாதிரி இருக்கும் செம்பே சாதா அரிசியில் செய்வது, அராரேயும் ஒகாகியும் ஒட்டரிசியில். முதலாவது கெட்டியாக உடையும், மற்றவை உப்பி லேசாக நொறுங்கும். மேலே சொன்ன மாவு விஷயமேதான். சாயிதாமாவின் சோகா ஊர் செம்பே, சோயா சாஸ் மட்டும் பூசிச் சுட்டது, மழை நாளில் டீக்கு அபாரம். பல் பத்திரம்.

இலையில் சுற்றி வரும் இனிப்புகளில் சகுராமோச்சியின் இலையைத் தின்னலாம், உப்பில் ஊறிய செர்ரி இலை. கஷிவாமோச்சியின் ஓக் இலையைத் தின்னக் கூடாது. புதுத் துளிர் வரும் வரை பழைய இலை உதிராத மரம் என்பதால், வம்சம் தொடர வேண்டும் என்று மே 5ஆம் தேதி அதைச் செய்கிறார்கள். கஷிவாமோச்சித் தோல் ஜோஷின்கோதான். எங்கள் வீட்டில் அம்மா முழுதாகத் தின்று, இன்னொன்று கேட்ட ஒரே கடைப் பண்டம் அதுவே.

அன்கோவை அகர் அகரில் கட்டியாக இறுக்கிய யோகான் பிடிக்காதவர்கள் மலிவானதை வாங்கித் தின்றிருப்பார்கள் என்பது என் சந்தேகம். தோராயா கடையின் யோகானில் சர்க்கரை, அசுகி, அகர் அகர் இவ்வளவுதான். விரல் தடிமனுக்கு வெட்டிச் சர்க்கரையில்லாத டீயோடு தின்ன வேண்டும், மைசூர்பாகு அளவுக்கு வெட்டினால் திகட்டும். மெய்ஜியின் காளான் பிஸ்கட்டா (1975) மூங்கில் குருத்து பிஸ்கட்டா (1979) என்று ஜப்பானில் குடும்பத்துக்குள் சண்டை நடக்கும். நான் மூங்கில் பக்கம், சாக்லெட்டும் பிஸ்கட்டும் ஒரே கடியில் சேர்வது அதில்தான். பச்சை நிறத்தில் இருப்பதெல்லாம் மட்சா (பச்சைத் தேயிலைப் பொடி) என்று விற்கும் சாக்லெட்டுகளில் பாதிக்குக் கசப்பே இல்லை, அவற்றை விட்டுவிடலாம்.

மிச்சத்தை என்ன செய்வது

அன்கோ மிஞ்சத்தான் செய்யும். 50 கிராம் பங்குகளாக மெல்லிசாகத் தட்டி, படலத்தில் சுற்றி உறைபெட்டியில் வைத்தால் ஒரு மாதம் தாராளமாக நிற்கும். தண்ணீர் விட்டுச் சூடாக்கி, இரண்டு ஷிராதமா உருண்டை போட்டால் சென்சாய், குளிர்காலக் கஞ்சி. நகோயாக்காரர்கள் செய்வது போலத் தடித்த ரொட்டியைச் சுட்டு, உப்பு வெண்ணெய் தடவி அதன் மேல் அன்கோ வைத்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. ஏலக்காய் போட்டும் ஒரு கிண்ணம் முயன்றோம். நன்றாகவே இருந்தது, ஆனால் அசுகி வாசனை முழுக்க அமுங்கிவிட்டது. டைஃபுகு மிஞ்சினால் சாதாத் தட்டில் வைக்காமல் ஒவ்வொன்றாகச் சுற்றி நேராக உறைபெட்டிக்கே அனுப்ப வேண்டும். தின்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் எடுத்து மேசையில் வைத்தால் போதும், மைக்ரோவேவ் வேண்டாம், அன்கோ கொதித்துத் தோல் கிழிந்துவிடும். ஸ்ட்ராபெர்ரி வைத்ததை மட்டும் உறையவைக்க வேண்டாம்.